3டி பிரிண்ட் அலுமினியத்தில் ஃபெட்டீக் விரிசல்: எந்த ஹீட் ட்ரீட்மென்ட்டைத் தேர்வது?

உலோகத் தூளை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் உருக்கும் தூள்படுக்கை முறையில் அச்சடிக்கப்போகும் ஓர் அலுமினிய பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஓயாமல் அதிர்வு வரும் இடத்தில் அது உட்காரப்போகிறது. சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் விரிசல் வளர்ந்து உடைவதைத்தான் ஃபெட்டீக் என்கிறோம். வடிவமைப்பு முடிந்துவிட்டது, கலவையும் முடிவாகிவிட்டது: 10 சதவீத சிலிக்கானும் சிறிதளவு மெக்னீசியமும் சேர்ந்த, எல்லோரும் அச்சடிக்கிற அதே ஏஎல்எஸ்ஐ10எம்ஜி. வரைபடத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதில் எழுத ஐந்து விடைகள் உண்டு. அச்சடித்தபடியே விடலாம். 160, 170 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து, உள்ளே நுண்படிவுகளை வளரவிட்டு வலுவாக்கும் ஏஜிங்கை நேரடியாகச் செய்யலாம். 300 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, உள்ளே பூட்டிய தகைவை (பரப்பளவுக்கு விழும் விசையை) தளர்த்தும் ஸ்ட்ரெஸ் ரிலீஃப் கொடுக்கலாம். உயர்சூட்டில் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு ஏஜிங் செய்யும் முழு டி6 செய்யலாம். உயர் அழுத்த வாயுக் கலனில் வைத்து, பட்டறையில் ஹிப் என்று சொல்லும் முறையில் உள்ளே இருக்கும் நுண்துளைகளை நசுக்கலாம்.

பெரும்பாலோர் இழுவிசைச் சோதனை அட்டவணையைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்கிறார்கள். அந்த அட்டவணையில் அச்சடித்த நிலைதான் முதலிடம் பிடிக்கும். இழுவலிமை 400 மெகாபாஸ்கலைத் தாண்டும். 300 டிகிரி ஸ்ட்ரெஸ் ரிலீஃப் கொடுத்தால் அது 300 பக்கம் இறங்கிவிடும். பதிலுக்கு நீட்சி கூடும். டி6 செய்தாலும் அச்சடித்த நிலையின் இழுவலிமை பொதுவாகத் திரும்பி வராது. இதை மட்டும் பார்ப்பவருக்கு ஹீட் ட்ரீட்மென்ட் என்பதே காசு கொடுத்து வலிமையைக் குறைத்துக்கொள்ளும் வேலையாகத் தெரியும். ஆனால் ஃபெட்டீக்கில் பாகம் உடைவது சராசரி வலிமையால் அல்ல. அதிலிருக்கும் மிகப் பெரிய குறை எங்கே இருக்கிறது, அந்தக் குறையின் முனையிலிருந்து விரிசல் நகரத் தொடங்குமா என்ற இரண்டு கேள்விகள்தான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஒப்பீட்டையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விரிசல் நகர்வதை அளக்கும் எண் டெல்டா கே. விரிசல் முனையில் ஒவ்வொரு சுழற்சியிலும் தகைவு எவ்வளவு தீவிரமாக ஏறி இறங்குகிறது என்பதை அது சொல்லும். அதன் அலகு மெகாபாஸ்கல் ரூட் மீட்டர். 1960களின் தொடக்கத்தில் பால் பாரிஸும் அவரோடு உழைத்தவர்களும் காட்டிய விதிப்படி, ஒரு சுழற்சிக்கு விரிசல் எவ்வளவு வளர்கிறது என்பது டெல்டா கேயின் ஒரு அடுக்கைப் பொறுத்தது. உலோகங்களில் அந்த அடுக்கு பெரும்பாலும் 3, 4 என்ற அளவில் இருக்கும். அந்தக் கோட்டின் இடது முனையில், ஒரு குறிப்பிட்ட டெல்டா கேக்குக் கீழே வளர்ச்சி நடைமுறையில் நின்றுவிடுகிறது. அதுதான் வாசல் மதிப்பு. சோதனைத் தரமான ஏஎஸ்டிஎம் ஈ647, சுழற்சிக்கு ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற வளர்ச்சி வேகத்தை அதற்கு அடையாளமாக வைத்திருக்கிறது. அதிர்வில் கோடிக்கணக்கான சுழற்சிகளைக் காணும் பாகத்துக்கு பாரிஸ் கோட்டின் சரிவைவிட இந்த வாசல் முக்கியம். வாசலைத் தாண்டிவிட்டால் மிச்சம் இருப்பது எத்தனை நாள் என்ற கணக்கு மட்டுமே.

அச்சடித்த நிலை ஏன் ஏமாற்றுகிறது

லேசர் கடந்துபோன இடத்தில் உலோகம் வினாடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்கிறது. அவ்வளவு வேகத்தில் சிலிக்கானுக்குத் தனித் துகள்களாகத் திரள நேரம் கிடைப்பதில்லை. அரை மைக்ரான் அளவுள்ள அலுமினியச் சிற்றறைகளைச் சுற்றி அது ஒரு தொடர்ந்த வலையாக உறைந்துவிடுகிறது. சிலிக்கானின் ஒரு பங்கு, இயல்பாகக் கரையும் அளவை மீறி, அலுமினியத்துக்குள்ளேயே மிகைக் கரைசலாகச் சிக்கிக்கொள்கிறது. இந்த வலைதான் 400க்கு மேற்பட்ட இழுவலிமையைத் தருகிறது.

விரிசலுக்கு வசதி செய்துகொடுப்பதும் இதே வலைதான். கட்டமைப்பு மிக நுண்ணியதாக இருப்பதால் விரிசல் வளைந்து நெளியாமல் தட்டையாக ஓடுகிறது. விரிசலின் இரு முகங்களும் கரடுமுரடாக இருந்தால், சுமை இறங்கும்போது அவை முன்னதாகவே ஒன்றோடொன்று முட்டி, முனையை ஓரளவு காப்பாற்றும். விரிசல் மூடல் என்ற இந்தப் பாதுகாப்பு தட்டையான முகங்களில் அதிகம் கிடைக்காது. இதோடு எஞ்சிய தகைவும் சேர்கிறது. அடுக்கடுக்காக உருகி உறைந்ததால் பாகத்தின் மேற்பரப்பை ஒட்டி இழுவைத் தகைவு பூட்டப்பட்டிருக்கும். வெளிச்சுமை ஏதும் இல்லாதபோதே விரிசலின் வாயைத் திறந்து வைத்திருக்கும் விசை அது. இரண்டும் கூடி வாசல் மதிப்பைக் கீழே இழுக்கின்றன. வார்ப்பு, உருட்டு அலுமினியக் கலவைகளில், சுமை பூஜ்யத்தை ஒட்டி இறங்கி ஏறும் சோதனைகளில், 2 முதல் 4 வரை வாசல் மதிப்பைப் பார்ப்பது இயல்பு. அச்சடித்தபடியே விட்ட இந்தக் கலவை பொதுவாக அதற்குக் கீழேதான் நிற்கும்.

திசையும் இங்கே கணக்கில் வரும். லேசர் உருக்கும் சிறு குளமான ஒவ்வொரு உருகுகுளத்தின் விளிம்பிலும் வலை சற்றுத் தடித்து, சிற்றறைகள் பெருத்து, ஓரிடத்தில் வலை உடைந்தும் இருக்கும். அந்த விளிம்பு விரிசலுக்கு எளிய பாதை. செங்குத்தாக அச்சடித்து, அச்சடித்த திசையிலேயே இழுக்கும்போது விரிசல் அடுக்குகளுக்கு இணையாக, இந்த விளிம்புகளைப் பிடித்துக்கொண்டே போகும். அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டியிருந்தால் ஒவ்வொரு விளிம்பிலும் திசை மாறித் தடுமாறும். லேசர் சரியாக உருக்காமல் விட்ட இடைவெளிகளும் அடுக்குத் தளத்திலேயே தட்டையாகப் படுத்திருப்பதால், செங்குத்துச் சுமைக்கு அவை முழு அகலத்தையும் காட்டி நிற்கும். அச்சடித்தபடியே பயன்படுத்துவது என்று முடிவெடுத்தால், அச்சுத் தட்டில் பாகத்தை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது என்பதும் ஒரு வலிமை முடிவு ஆகிவிடுகிறது. அந்த முடிவு பெரும்பாலும் சப்போர்ட் எனும் தாங்குகால்கள் குறைய வேண்டும், நேரம் மிச்சமாக வேண்டும் என்ற காரணங்களுக்காக வேறொருவரால் எடுக்கப்படுகிறது என்பது எனக்குக் கவலை தரும் விஷயம்.

நேரடி ஏஜிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிக்கிக்கிடக்கும் மெக்னீசியமும் சிலிக்கானும் நுண்படிவுகளாக வெளிவந்து ஈல்டு வலிமையை (உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவை) நன்றாகவே உயர்த்தும். வலை அப்படியே இருக்கும், எஞ்சிய தகைவும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். நிலைச்சுமைக்கு நல்ல தேர்வு. விரிசலைத் தடுக்க வேண்டும் என்பது நோக்கமானால் மூலப் பிரச்சினை தொடப்படவே இல்லை.

அடித்தட்டை 200 டிகிரி வரை சூடாக்கி அச்சடிக்கும் வழியும் உண்டு. எஞ்சிய தகைவு கணிசமாகக் குறையும். ஆனால் அச்சு நீண்ட நேரம் ஓடினால் அடிப்பகுதி அவ்வளவு நேரமும் சூட்டில் கிடக்கிறது, உச்சிப்பகுதி அப்போதுதான் பிறக்கிறது. ஒரே பாகத்தின் அடியிலும் நுனியிலும் கடினத்தன்மை வேறுபடும். உயரமான பாகத்துக்கு இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

ஸ்ட்ரெஸ் ரிலீஃபும் டி6ம்

300 டிகிரியில் 2 மணி நேரம் என்பது இந்தக் கலவைக்கு நெடுங்காலமாகப் புழங்கிவரும் அளவு; சற்றுக் குறைந்த சூட்டிலும் இப்போது செய்கிறார்கள். இந்தச் சூட்டில் சிலிக்கான் வலை அறுந்து தனித்தனி நுண்துகள்களாகிறது. எஞ்சிய தகைவின் பெரும்பகுதி கரைகிறது. வலிமை இறங்கினாலும் அலுமினியம் விட்டுக்கொடுக்கும் தன்மை பெறுவதால் விரிசல் முனை மழுங்குகிறது, வாசல் மதிப்பு உயர்கிறது. உருகுகுளத்தின் தடம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்பதால் திசை வேறுபாடு முழுவதும் போகாது. பாகத்தை அடித்தட்டிலிருந்து அறுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அறுத்த பிறகு செய்தால் தகைவு தளர்வதற்கு முன்பே பாகம் வளைந்திருக்கும்.

டி6 வேறு அளவிலான மாற்றம். கலந்த தனிமங்களை அலுமினியத்துக்குள் கரைக்க 510 முதல் 540 டிகிரி வரை கரைசல் சூடாக்கம், தண்ணீரில் குவென்ச் எனும் திடீர்க் குளிர்விப்பு, பிறகு 160, 170 டிகிரியில் ஏஜிங். வலை முற்றாக மறைந்து, சில மைக்ரான் அளவுள்ள உருண்டை சிலிக்கான் துகள்கள் சமமாகப் பரவுகின்றன. உருகுகுள விளிம்புகளும் அழிந்துவிடுகின்றன. விரிசல் இந்தத் துகள்களைச் சுற்றி வளைந்து போவதால் முகம் கரடாகிறது, மூடல் கூடுகிறது. ஈல்டு வலிமையும் ஸ்ட்ரெஸ் ரிலீஃப் நிலையைவிட மேலே நிற்கிறது. 2012இல் பிராண்டல் குழு வெளியிட்ட ஆய்வு, அச்சுத் திசை, அடித்தட்டுச் சூடு, டி6 ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, ஃபெட்டீக்கில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது டி6தான் என்று காட்டியது. அடித்தட்டைச் சூடாக்குவதும் டி6ம் சேர்ந்தால் திசை வேறுபாடு மங்கிவிடுகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

அப்படியானால் டி6 என்றே கட்டத்தை நிரப்பிவிடலாமே? இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று குவென்ச். மெல்லிய சுவர்களும் தடித்த முட்டுகளும் கலந்த பாகம் தண்ணீரில் இறங்கும்போது வளையும். ஸ்ட்ரெஸ் ரிலீஃபில் கரைத்த தகைவு வேறு வடிவில் திரும்ப வந்து சேரும். இரண்டாவது தடையைப் பலர் கவனிப்பதில்லை. அலுமினியம் திரவ நிலையில் கரைத்து வைத்திருக்கும் ஹைட்ரஜனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் திட நிலையில் தாங்கும். தூளின் மேற்பரப்பில் ஒட்டிய ஈரம் உருகுகுளத்தில் ஹைட்ரஜனாகப் பிரிந்து, வெளியேற நேரமில்லாமல் சிறு துளைகளில் அழுத்தத்தோடு அடைபடுகிறது. 500 டிகிரிக்கு மேல் உலோகம் மிருதுவாகும்போது அந்த வாயு துளைகளை ஊதிப் பெரிதாக்குகிறது. அச்சடித்தவுடன் எடுத்த சிடி ஸ்கேனில் சுத்தமாகத் தெரிந்த பாகம் டி6க்குப் பிறகு துளைகளோடு வரலாம். எனவே டி6 என்று எழுதுவதற்கு முன் தூள் எப்படி உலர்த்தப்படுகிறது, எத்தனை முறை மறுபயன்பாட்டுக்கு வருகிறது என்று அச்சடிப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஈரத்தைக் கட்டுப்படுத்தாத இடத்தில் டி6 கேட்பது ஆபத்து. சிடி ஸ்கேனையும் டி6க்கு முன்பு எடுப்பதைவிடப் பின்பு எடுப்பதே பயன்.

ஹிப்: டைட்டானியத்தின் பாடம் இங்கே முழுதாகப் பொருந்தாது

அச்சடித்த டைட்டானியத்தில் ஹிப் பெரும் பலன் தருகிறது. அதைப் பார்த்துவிட்டு அலுமினியத்துக்கும் அதையே எழுதுகிறார்கள். 500 டிகிரியை ஒட்டிய சூட்டில், 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தத்தில் ஓரிரு மணி நேரம் வைத்தால் அலுமினியத்திலும் துளைகள் நசுங்கும் என்பது உண்மைதான். ஆனால் டைட்டானியம் தன் ஆக்சைடைத் தனக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும். நசுங்கிய துளையின் இரு சுவர்களும் ஒன்றாகிவிடும். அலுமினிய ஆக்சைடு கரையாது. உருகாமல் விட்ட இடைவெளியின் சுவர்களில் ஆக்சைடுப் படலம் இருந்தால், ஹிப்புக்குப் பிறகு இடைவெளி மூடியதாக சிடி ஸ்கேன் காட்டும். உள்ளே பிணைப்பு பலவீனமாகவே இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத குறை, தெரிகிற குறையைவிட மோசமானது.

மேற்பரப்போடு தொடர்புள்ள துளைகளை ஹிப் தொடவே தொடாது. வாயு உள்ளே புகுந்துவிடும், அழுத்த வேறுபாடு உண்டாகாது. துளைகளில் சிக்கிய ஹைட்ரஜனும் ஆர்கானும் எங்கும் போவதில்லை, சுருங்கிக் கிடக்கின்றன. பிறகு சாதாரண உலையில் கரைசல் சூடாக்கம் செய்யும்போது மறுபடியும் திறந்துகொள்ளலாம். அழுத்தத்தைக் குறைக்காமலேயே வேகமாகக் குளிர்விக்கும் வசதியுள்ள கலன்கள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றில் ஹிப்பையும் கரைசல் சூடாக்கத்தையும் ஒரே சுழற்சியில் முடித்து, நேராக ஏஜிங்குக்குப் போகலாம். அலுமினியத்துக்கு ஹிப் வேண்டுமென்றால் அந்த வகைக் கலனைத்தான் கேட்க வேண்டும். மெதுவாகக் குளிரவிட்ட ஹிப்போடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே கணக்கில் பார்க்கலாம்.

ஒரு ஃபில்லட், நான்கு கணக்குகள்

பிராக்கெட்டில் அதிகத் தகைவு வரும் ஃபில்லட்டில் (உள்மூலையை வளைவாக்கிய இடத்தில்), ஒவ்வொரு சுழற்சியிலும் தகைவு 0 முதல் 150 மெகாபாஸ்கல் வரை ஏறி இறங்குகிறது என்று கொள்வோம். குறையின் அளவிலிருந்து டெல்டா கேயைக் கணிக்க முராகாமி தந்த சூத்திரம் எளியது. குறையை, இழுவைக்குச் செங்குத்தான தளத்தில் விழும் நிழலாகப் பார்த்து, அந்தப் பரப்பின் வர்க்கமூலத்தை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவை மீட்டரில் எழுதி, பை (3.14) மதிப்பால் பெருக்கி, மறுபடி வர்க்கமூலம் எடுத்து, தகைவால் பெருக்கி, மேற்பரப்புக் குறையானால் 0.65ஆலும் உட்குறையானால் 0.5ஆலும் பெருக்கினால் டெல்டா கே கிடைக்கும்.

ஃபில்லட்டை மெஷினிங் செய்யாமல் அச்சடித்த மேற்பரப்போடு விட்டால், பள்ளங்களும் அவற்றின் அடியில் உள்ள துளைகளும் சேர்ந்து 200 மைக்ரான் குறை என்று எடுத்துக்கொள்ளலாம். டெல்டா கே 2.44. அதே ஃபில்லட்டை மெஷினிங் செய்தபின் மேற்பரப்பில் வெட்டுப்பட்டுத் திறந்த 60 மைக்ரான் துளை ஒன்று மிஞ்சினால் 1.34. அந்தத் துளை உள்ளேயே இருந்தால் 1.03. எந்த உலைக்கும் அனுப்பாமலேயே, மெஷினிங் மட்டும் டெல்டா கேயைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிட்டது. ஹீட் ட்ரீட்மென்ட் விவாதத்துக்கு முன்னால் மெஷினிங் பற்றிய முடிவு வர வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இப்போது உலோகத்தின் பக்கம். கணக்குக்காக அச்சடித்த நிலையின் வாசல் மதிப்பை 1.5 என்றும், ஸ்ட்ரெஸ் ரிலீஃப் அல்லது டி6க்குப் பிறகு 2.5 என்றும் வைத்துக்கொள்வோம். குறையே இல்லாத மெருகிட்ட மாதிரி தாங்கும் தகைவு வீச்சு இரண்டிலும் 200 மெகாபாஸ்கல் என்று கொள்வோம். 1.34ஐ 2.5ஓடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரு மடங்கு பாதுகாப்பு இருப்பதுபோல் தோன்றும். அந்தத் தோற்றம் பொய். 2.5 என்பது நீண்ட விரிசலில் அளந்த எண். 60 மைக்ரான் குறைக்குப் பின்னால் மூடலை உண்டாக்கும் நீண்ட முகங்கள் இல்லை. சிறு விரிசலின் வாசல் தாழ்ந்தது. 1976இல் கிடகாவாவும் தகஹாஷியும் வரைந்து காட்டிய படம் சொல்வது இதைத்தான். எல் ஹத்தாத் அதற்கு ஒரு திருத்தச் சூத்திரம் கொடுத்தார். அந்தத் திருத்தத்தைப் போட்டால் 60 மைக்ரான் குறைக்கு வாசல் 2.5லிருந்து 1.45க்கு இறங்குகிறது. 1.34க்கு எதிரே 1.45. மிஞ்சும் இடைவெளி 8 சதவீதம்தான். அச்சடித்த நிலைக்கு அதே கணக்கு 1.15 தருகிறது. விரிசல் வளரும்.

ஹிப் செய்து குறையை 20 மைக்ரானுக்குச் சுருக்கினால் டெல்டா கே 0.77, வலிமை குறையாமல் டி6ஐயும் சேர்த்திருந்தால் திருத்திய வாசல் 0.95. இடைவெளி 23 சதவீதமாகிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் ஹிப்புக்குப் பிறகு மெதுவாகக் குளிர்ந்து, குறையற்ற உலோகம் தாங்கும் வீச்சு 200லிருந்து 160க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். அதே 20 மைக்ரான் குறைக்குத் திருத்திய வாசல் 0.78 ஆகிறது. 0.77க்கு எதிரே 0.78. குறையை மூன்றில் ஒரு பங்காக்கியும் கையில் எதுவும் மிஞ்சவில்லை. குறை சிறுத்துக்கொண்டே போகும்போது உலோகத்தின் அடிப்படை வலிமை எல்லையாக மாறிவிடுகிறது. ஹிப்பை மட்டும் தனியாக வாங்குவது வீண் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வாசலைத் தாண்டிவிட்ட பாகத்துக்கும் தொடக்கக் குறையின் அளவு முக்கியம். அடுக்கு 3 உள்ள பாரிஸ் விதியில், விரிசல் 4 மில்லிமீட்டர் ஆகும்வரை ஓடும் ஆயுளைக் கணக்கிட்டால், தொடக்கம் 0.1 மில்லிமீட்டராக இருந்தபோது கிடைக்கும் ஆயுளில் 40 சதவீதம்தான் தொடக்கம் 0.4 மில்லிமீட்டரானால் கிடைக்கிறது. அதே தொடக்கம் 0.05 ஆனால் ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆயுளின் பெரும்பகுதி விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் காலத்திலேயே செலவாகிவிடுகிறது. அவ்வப்போது பரிசோதித்து விரிசலைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை சிறு பாகங்களுக்குச் செல்லாது.

எந்தப் பாகத்துக்கு எது

ஃபெட்டீக் வரும் மேற்பரப்புகளை எல்லாம் மெஷினிங் செய்ய முடியும், சுவர்கள் மெல்லியவை, தகைவு மிதமானது என்றால் ஸ்ட்ரெஸ் ரிலீஃப் போதும். பெரும்பாலான பிராக்கெட்டுகளுக்கு நான் எழுதுவது இதைத்தான். வளைவு குறைவு, தூளின் ஈரம் துளையாக ஊதிப் பெருகும் அபாயமும் குறைவு, செலவு சிறியது. மெஷினிங்கில் ஒரு கவனம் வேண்டும். லேசர் விளிம்பு ஓட்டமும் உள்நிரப்பு ஓட்டமும் சந்திக்கும் கோட்டில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, துளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது வழக்கம். வெட்டும் ஆழம் சரியாக அந்த வரிசையில் போய் நின்றால், உள்ளே இருந்த துளைகளை எல்லாம் மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடுவோம், 1.03 ஆக இருந்தது 1.34 ஆகிவிடும். மாதிரித் துண்டை அறுத்து, மெருகிட்டு, நுண்ணோக்கியில் அந்த வரிசையின் ஆழத்தை அளந்துவிட்டுத்தான் மெஷினிங் அலவன்ஸை (வெட்டி நீக்குவதற்கென விடும் கூடுதல் தடிமனை) முடிவு செய்ய வேண்டும். வரிசை 0.3 மில்லிமீட்டரில் இருந்தால் அலவன்ஸ் அதைத் தாண்டிப் போகட்டும்.

பல திசைகளிலிருந்து சுமை வரும் பாகம், அல்லது ஈல்டு வலிமையும் கட்டாயம் வேண்டும் என்ற பாகம் என்றால் டி6க்குப் போகலாம். தூள் கட்டுப்பாடு நம்பகமாக இருக்க வேண்டும், குவென்ச் வளைவைத் தாங்கும் அளவுக்கு வடிவம் கெட்டியாக இருக்க வேண்டும், இறுதி மெஷினிங் டி6க்குப் பிறகு வர வேண்டும்.

உடைந்தால் உயிருக்கு ஆபத்து என்ற பாகத்துக்கு அழுத்தத்திலேயே குவென்ச் செய்யும் ஹிப்பும் ஏஜிங்கும், அதன் பிறகு மெஷினிங்கும். துளைகள் மூடிய பிறகு வெட்டுவதால் வெட்டு எங்கே விழுந்தாலும் பயம் குறைவு. ஆனால் உருகாமல் விட்ட பெரிய இடைவெளிகளைச் சரிசெய்ய ஹிப்பை நம்ப வேண்டாம். அடுக்குத் தளத்தில் 300 மைக்ரான் உட்குறை ஒன்று கிடந்தால் அதே 150 மெகாபாஸ்கலில் டெல்டா கே 2.3. அப்படி ஒரு குறை வந்த அச்சை ஒதுக்கிவிட்டு லேசர் அளவுகளைத் திருத்துவதே சரியான வழி.

உள்ளே வளைந்து ஓடும் குளிர்விப்புக் குழாய்கள் உள்ள பாகங்கள்தான் உண்மையிலேயே கடினமானவை. அங்கே மெஷினிங் எட்டாது, ஹிப்பும் மேற்பரப்புப் பள்ளத்தை மூடாது. ரசாயன மெருகு உச்சிகளைக் கரைக்கும். ஆழமான பள்ளங்கள் ஓரளவு மிஞ்சும், சில இடங்களில் புதைந்திருந்த துளைகளும் திறக்கும். இந்தப் பாகங்களில் ஹீட் ட்ரீட்மென்ட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, சுவரைத் தடித்து வைத்துத் தகைவையே குறைப்பதுதான் பலன் தரும். தகைவு பாதியானால் டெல்டா கேயும் பாதி. அச்சடிப்பில் சுவரைத் தடிக்க வைக்க ஆகும் செலவு சிறிது.

வெளிப்பரப்புக்கு, சிறு குண்டுகளை வேகமாக மோதவிடும் ஷாட் பீனிங் உதவும். மேற்பரப்பில் அது அமுக்கத் தகைவைப் பூட்டி, அங்கே கிடக்கும் சிறு குறைகளின் வாயை அழுத்தி மூடி வைக்கிறது. வரிசை தவறக் கூடாது: எல்லாச் சூடாக்கங்களும் முடிந்த பிறகே பீனிங். பீனிங் செய்த பாகத்தை மறுபடி 300 டிகிரிக்குக் கொண்டுபோனால் பூட்டிய அமுக்கம் கரைந்துவிடும்.

கலவையையே மாற்றிவிடலாமா என்ற கேள்வியும் எழும். ஸ்காண்டியம், சிர்கோனியம், மெக்னீசியம் சேர்ந்த ஸ்கால்மலாய் 325 டிகிரி ஏஜிங்குக்குப் பிறகு 500 மெகாபாஸ்கலை ஒட்டிய இழுவலிமை தருகிறது. கரைசல் சூடாக்கமோ குவென்ச்சோ தேவையில்லை. ஏஜிங்கே தகைவையும் தளர்த்திவிடுகிறது. இது பெரிய அனுகூலம். சாதாரணமாக அச்சடித்தால் உறையும்போதே வெடித்துப்போகும் 7075 வகைக் கலவையையும், தூளில் சிர்கோனியம் நுண்துகள்களைச் சேர்த்து வெடிப்பில்லாமல் அச்சடிக்கலாம் என்று 2017இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை காட்டியது. இவற்றில் குறையற்ற உலோகத்தின் வலிமை நிச்சயம் உயரும். ஆனால் இந்தக் கலவைகளில் மணிகள் (உலோகத்தின் படிகத் துண்டுகள்) மிக நுண்ணியவை. நுண்மணி உலோகத்தில் விரிசல் தட்டையாக ஓடும், மூடல் குறையும், நீண்ட விரிசலின் வாசல் தாழும். அதாவது 20 மைக்ரான் குறை உள்ள சுத்தமான அச்சில் இவை மிளிரும். 200 மைக்ரான் குறை உள்ள அச்சில் விலை உயர்ந்த கலவைக்குக் கொடுத்த காசு முழுப் பலன் தராது. கையில் உள்ள மெஷினும் தூளும் எந்த அளவுக் குறையைத் தருகின்றன என்று தெரிவதற்கு முன்பு கலவையை மாற்றக் கூடாது.

அந்த அளவைத் தெரிந்துகொள்ள, பாகத்தோடு சேர்த்து அதே அச்சில் கூப்பன்கள் எனும் சோதனைத் துண்டுகளையும் அடிக்க வேண்டும். செங்குத்தாகச் சில, படுக்கையாகச் சில. அவை பாகம் போகும் அதே உலையில், அதே தடவையில் போகட்டும். ஃபெட்டீக் சோதனையில் உடைந்த ஒவ்வொரு கூப்பனின் முகத்தையும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, விரிசல் தொடங்கிய குறையின் பரப்பையும் அது மேற்பரப்பில் இருந்ததா உள்ளே இருந்ததா என்பதையும் குறித்துவையுங்கள். சிடி ஸ்கேனைவிட இந்த அளவு நம்பகமானது. ஸ்கேனில் தெரியாத ஆக்சைடுப் படலமும் உடைந்த முகத்தில் தெரியும். வாசல் மதிப்பை அளக்கும்போது எந்தச் சுமை விகிதத்தில் (சுழற்சியின் குறைந்த சுமைக்கும் அதிகச் சுமைக்கும் உள்ள விகிதம்) அளந்தது என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சராசரித் தகைவு ஏற ஏற வாசல் இறங்கும்; தாழ்ந்த விகிதத்தில் அளந்த எண்ணை, முறுக்கிய போல்ட் இழுத்துப் பிடித்திருக்கும் பாகத்துக்குப் போட்டால் கணக்கு பாதுகாப்பற்ற பக்கம் சாயும். பெரிய விரிசல் மாதிரிகளில் எஞ்சிய தகைவு தங்கியிருந்தால் அளந்த வாசலே தவறாக வரும் என்பதால், அச்சடித்த நிலையின் எண்களை எங்கிருந்து எடுத்தாலும் மாதிரியின் அளவையும் அது வெட்டப்பட்ட திசையையும் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.